லாரியின் ஜாதகம்

மனிதனுக்கு ஜாதகம் உண்டு. மாட்டுக்குச் சுழி உண்டு. லாரிக்கும் ஜாதகம் உண்டு என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அது நம்முடையதைவிட நம்பத் தகுந்தது. ஓலையில் எழுதாமல் இரும்பிலேயே அடித்து வைத்திருக்கிறார்கள்.

சேசிஸ் நம்பர் என்று அதற்குப் பெயர். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. முதல் மூன்று, எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லும். நடுவில் உள்ளவை வண்டியின் வகையைச் சொல்லும். கடைசியில் வருவது வரிசை எண். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றுக்கும் அங்கே இடமில்லை. ஒன்றைப் போலவும் சைபரைப் போலவும் வேஷம் போட்டு ஆளை ஏமாற்றுகிறவை அல்லவா? அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டு மாடல் வண்டிகளிலிருந்து இந்தப் பதினேழு கட்டாயமாயிற்று.

சங்ககிரியில் என் மைத்துனருக்கு இரண்டு லாரிகள் ஓடுகின்றன. ஒரு தடவை பிரேக் ஹோஸ் வாங்க அவருடனும் அவருடைய மூத்த டிரைவருடனும் சேலத்துக் கடைக்குப் போயிருந்தேன். பழைய ஹோஸ் மஞ்சள் பையில் இருந்தது.

"நம்பர் சொல்லுங்கண்ணே" என்றார் கடைக்காரர்.

"அதான் பழசையே கொண்டாந்திருக்கோமே?"

"பார்வைக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். உங்க வண்டி பேரிலேயே ரெண்டு வகை வந்திருக்கு. நீளத்துல நாலு விரல் வித்தியாசம். நம்பர் இல்லாம குடுத்தா நாளைக்கே திரும்பி வருவீங்க."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். சரியான ஹோஸ் வந்தது. அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"முதலாளி, இது மூணாவது. மூணும் ஒரே இடத்துல தேயுது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா கிளாம்பு முனையில உரசுது. கோளாறு ஹோஸ்ல இல்லே, அதை வச்ச இடத்துல."

"அதான் மாத்தறமே, விடப்பா."

"நான் குனிஞ்சு பார்த்தேன், மாத்தினேன். பார்க்காதவன் ஒருத்தன் இந்நேரம் தொப்பூர் இறக்கத்துல போயிட்டிருப்பானே?"

மைத்துனர் வாய் திறக்கவில்லை. தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அன்று இரவே கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். அதாவது, டிரைவர் சொன்னார், நான் எழுதினேன். சேசிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், தேய்ந்த இடத்தின் படம், எத்தனை தடவை என்ற கணக்கு. வர்ணனை ஒரு வரிகூட வேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டார். கதை எழுதுகிறவனுக்கு இது நல்ல பாடம். பராமரிப்பு போதாது என்று பதில் வந்தது.

அமெரிக்காவில் 1966-இலேயே இதற்குச் சட்டம் செய்தார்கள். கோளாற்றை அரசாங்கத்திடம் எப்படி முறையிடுவது என்பதை வண்டியோடு கொடுக்கும் புத்தகத்திலேயே அச்சிட வேண்டும் என்பது அங்கே விதி. நம் நாட்டில் 2012-இல் கம்பெனிகள் தாமாக முன்வந்து ஓர் ஒழுங்குமுறை வகுத்துக்கொண்டன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது; 2021 ஏப்ரல் முதல், ஆபத்தான கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு கட்டளையிட இடம் ஏற்பட்டது. எத்தனை சொந்தக்காரர்கள் முறையிட்டார்கள் என்பது அதற்கு ஓர் ஆதாரம். ஆகவே, பேசாமல் ஹோஸை மாற்றிக்கொண்டு போகிறவன் அந்தக் கணக்கில் வராதவன்.

இதைச் சொன்னதும் மைத்துனரே கிளம்பினார். "அரசாங்கத்துக்கும் எழுதுங்க மாப்பிள்ளை" என்றார். எழுதினோம். சில மாதங்கள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். சக்கரத்தடியில் படுத்து அளவெடுத்து, கிளாம்பை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மற்ற வண்டிகள் என்ன ஆகும் என்று டிரைவர் கேட்டதற்கு, "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்றார்.

டிரைவர் மேலிடத்துக்காகக் காத்திருக்கவில்லை. வழியில் டீக்கடையில் நிறுத்தும்போது அதே வகை வண்டி நின்றால், டீயை அப்படியே வைத்துவிட்டு அதன் முன் சக்கரத்தருகே குனிந்து பார்க்கிறாராம். "யாருய்யா அது, என் வண்டிக்குக் கீழே?" என்று அதட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "தம்பி, உங்க சேசிஸ் நம்பர் என்ன?" என்பதுதான்.