விழுந்தவர்களுக்கும் கிருபை உண்டு



"சார், குடியை விட்டுடணும்னு மூணு தடவை ஜெபம் பண்ணி முடிவெடுத்தேன். மூணு தடவையும் விழுந்துட்டேன். இனி எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்?" என்று ஒரு பழைய மாணவன் கேட்டான். பாவத்தின் பெயர் ஆளுக்கு ஆள் மாறும். கேள்வி எல்லாருக்கும் பொது. ஆகவே அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

ரோமர் 7-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நல்லதைச் செய்ய மனம் இருக்கிறது, செய்ய முடியவில்லையே என்று பவுல் அப்போஸ்தலனே புலம்புகிறார். புலம்பல் அங்கேயே நிற்கவில்லை. இயேசு கிறிஸ்துவிடம் போய்ச் சேருகிறது. நம்முடைய வைராக்கியம் தோற்கிற இடத்தில்தான் கிருபை வேலையைத் தொடங்குகிறது.

ஒப்புக்கொடுத்தல் என்றால் சும்மா இருப்பது அல்ல. ஒன்றாம் வகுப்பில் பிள்ளையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைப்போம். பிள்ளை கையை விறைத்துக்கொண்டால் எழுத்து கோணும். பென்சிலையே விட்டுவிட்டால் எழுத்தே வராது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு கையைத் தளர்த்த வேண்டும். ஆண்டவரிடம் நாம் கொடுக்க வேண்டியதும் அப்படிப்பட்ட கைதான்.

'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1748-இல் நடுக்கடல் புயலில் ஆண்டவரிடம் இரக்கம் கேட்டுக் கதறினார். ஆனால் அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலுக்குத் தலைவராக இருந்தார். 1754-இல்தான் கடல் வேலையை விட்டார். 1764-இல் குருவானவரானார். அடிமை வியாபாரத்தின் கொடுமையை அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல். கதறிய நாளுக்கும் அந்த எழுத்துக்கும் நடுவே 40 வருஷம்! இதைச் சாக்காக வைத்து மனந்திரும்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தாமதத்தில் எத்தனையோ பேர் கண்ணீர் வடித்தார்கள். ஆனால் கிருபை அவரை விடாமல் திருத்திக்கொண்டே வந்தது என்பதையும் மறக்காதீர்கள்.

அந்த மாணவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "காலையில் எழுந்ததும், 'ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நாள் என்னைத் தாங்கும்' என்று கேள். சாயங்காலம் மதுக்கடை இல்லாத தெரு வழியாக வீட்டுக்குப் போ. மனைவியிடம் எதையும் மறைக்காதே. டாக்டரையும் பார், மருந்தும் ஆண்டவர் தந்ததே. மறுபடி விழுந்தால், விழுந்த அன்றைக்கே அவரிடம் திரும்பி வா. நீதிமான்களுக்காக மட்டும் கட்டிய இடமா கோயில்?"

உங்களில் யாராவது இப்படித் தனியாகப் போராடிக்கொண்டிருந்தால் போன் பண்ணுங்கள். சேர்ந்து ஜெபிப்போம்.