கல்லைப் பார்க்கக் கற்பித்தவர்

என் ஆசிரியர் காலமான செய்தி வந்த அன்று மாலை, மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், சிதறால் மலைக்கு ஏறிச் சென்றேன்.

கலைச் சரித்திரம் என்பது பெயர்களையும் ஆண்டுகளையும் நெட்டுருச் செய்வதுதான் என்று நம்பியிருந்த வித்தியார்த்திகளாகிய எங்களை, ஒரு சனிக்கிழமை காலையில் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் இதே மலைக்கு அழைத்து வந்து, சமண உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்ட அந்தப் பாறையின் முன்னே உட்காரவைத்து, அரைமணி நேரம் எவரும் வாய் திறக்கலாகாது என்று கட்டளையிட்டவர் அவர்.

"தலைக்கு மேலே நாகம் படம் விரிச்சா பார்சுவநாதர், பக்கத்திலே சிங்கமும் பிள்ளைகளும் நின்னா அம்பிகா. நான் சொல்லித் தரது இவ்வளவுதான் மக்களே, மிச்சத்தைக் கண்ணு சொல்லும்."

9ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் வாழ்ந்த அங்குள்ள குகை பிற்காலத்தில் பகவதி கோயிலான விருத்தாந்தத்தை, எந்தச் சமயத்தின் மீதும் துவேஷம் தோன்றாமல், ஒரே வீட்டில் தலைமுறைகள் மாறிக் குடியிருந்த கதையைப்போல் விவரித்தார். சுசீந்திரம் கோயிலுக்குச் செல்லும்போதெல்லாம், அக்கோயிலைப்பற்றி நாஞ்சில் நாட்டவரான கே. கே. பிள்ளை எழுதி 1953இல் வெளிவந்த ஆங்கில நூல் அவர் கக்கத்தில் இருக்கும். இசைத் தூணைத் தட்டிப் பார்க்கக் கை நீட்டிய என்னை, "எத்தனை கை தாங்கும் மக்களே அந்தக் கல்லு?" என்று மெல்லத் தடுத்தார்.

சிதறாலுக்குச் செல்லும் நண்பர்களே, படம் எடுப்பதற்கு முன் அரைமணி நேரம் அந்தப் பாறையின் எதிரே சும்மா உட்காருங்கள். அவருக்கு அதுவே அஞ்சலி.