மட்டாஞ்சேரியில் ஒரு வி-டெக்

எர்ணாகுளம் ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ டிக்கெட் 40 ரூபாய். இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். கல்வத்தி தாண்டி பஜார் ரோட்டைப் பிடித்தால் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு இரண்டு கிலோமீட்டர்தான். பார்க்கப்போகிற வண்டி எந்தக் காற்றில் நின்றிருக்கிறது என்பதை வண்டிக்கு முன்னால் பார்த்துவிட நினைத்தேன். இடப்பக்கம் வரிசையாகக் குடோன்கள். சுக்கு, மிளகு, வற்றல் மிளகாய் வாசனை மூக்கை அடைத்தது. இரண்டு குடோனுக்கு நடுவே சந்து வருகிற இடத்திலெல்லாம் காயல் தெரிந்தது. ஜன்னல் கம்பிகள் துருவில் உப்பி இரு மடங்கு தடித்திருந்தன. ஒரு ஷட்டரின் அடிப்பகுதி ஒரு சாண் உயரத்துக்கு அரித்தே போயிருந்தது. வண்டியைப் பார்க்காமலேயே பாதி விவரம் கிடைத்துவிட்டது.

வண்டி, 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக்.

ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் மேல் பித்துப் பிடித்தவர்களுக்கு நம் நாட்டில் வழி குறுகல். பழைய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஆர்32, 1991 மாஸ்டா ஆர்எக்ஸ்-7, 1993 டொயோட்டா சூப்ரா எல்லாம் அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகின்றன. நம் மண்ணிலேயே செய்து, நம் ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே முதல் பதிவு வாங்கிய வண்டிகளில் ஜப்பான்காரனின் ரேஸ் புத்தி எதில் இருக்கிறது என்று தேடினால் இந்த சிட்டியில் வந்து நிற்போம். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். 2000-இல் கிரேட்டர் நொய்டா ஆலையிலிருந்து வந்தது. 2003 கடைசியில் அடுத்த சிட்டி வந்தபோது அதன் எஞ்சின் 77 குதிரைத்திறன்தான். மைலேஜ் கூடியது, வேகம் குறைந்தது. பழைய வி-டெக்கைத் தேடி ஆட்கள் அலைய ஆரம்பித்த கதை அதுதான். 1996-இல் தாய்லாந்தில் பிறந்து ஆசியச் சந்தைக்காகவே உருவான இந்த உடலை ஹோண்டா ஜப்பானில் விற்கவே இல்லை. அதனால் எனக்கு அதன் மேல் மதிப்பு குறையவில்லை. இந்த விலைக்குக் கிடைக்கிற வேறெந்த வண்டியும் ஏழாயிரம் சுற்றுவரை இப்படி ஆசையாக ஏறாது.

பழைய குடோன் ஒன்றின் முற்றத்தில் தகரக் கூரைக்கு அடியில் நின்றது. வெள்ளி நிறம், கே.எல்.7 பதிவு. அங்கிருந்து காயல் நூறு அடிகூட இல்லை. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர், ஷார்ஜாவில் பல வருடம் இருந்து திரும்பியவர். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் இக்கா என்றே கூப்பிட்டேன். கேட்ட விலை இரண்டே கால் லட்சம்.

"அண்ணா, பெயின்ட் முழுக்க ஒரிஜினல். ஒரு இடத்துலயும் கை வெச்சதில்ல. அடியில போன மாசம்தான் புதுசா கோட்டிங் அடிச்சது" என்றார்.

கோட்டிங் என்றதும் எனக்கு உறுத்தியது. முதலில் மேலே இருப்பதைப் பார்த்தேன். கண்ணாடிகளின் மூலையில் பொறித்திருக்கும் தயாரிப்பு வருடக் குறி ஐந்து கண்ணாடிகளில் ஒரே மாதிரி இருந்தது; இடது பின்கதவுக் கண்ணாடி மட்டும் பிந்தியது. பானெட் கீல்களின் போல்ட் தலையில் பெயின்ட் உடையாமல் இருந்தது. இடது ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம். துணி சுற்றிய காந்தத்தைப் பின்சக்கர வளைவில் வைத்தேன். வலப்பக்கம் ஒட்டியது. இடப்பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தியதும் வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளே தகடு இல்லை, பட்டிதான். இக்காவிடம் எதுவும் சொல்லாமல் அதே இடத்தில் மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. "அது எனக்கு முன்னாடி இருந்தவர் செய்ததா இருக்கும்" என்றார். இருக்கலாம்.

டிரைவர் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கியபோதுதான் வண்டியின் உண்மை நிலை தெரிந்தது. விரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஈரமாக இருந்தது. மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன. ஈரம் மட்டும் போகவில்லை. அதன் கீழே தகடு பழுப்பாகி, ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது. விரலால் தொட்டதில் ஒரு ஏடு நகத்தோடு வந்துவிட்டது. பிறகு வெளியே வந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு பெட்டியின் அடியில், புதுக் கறுப்புக் கோட்டிங் மேல் ஸ்குரூ டிரைவரை லேசாக அழுத்தினேன். பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. நறுக்கென்று ஒரு அங்குலம் உள்ளே போனது. அந்தப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்காக ஹோண்டாவே ஓட்டைகள் விட்டிருக்கிறது. கோட்டிங் அடித்தவர் அத்தனை ஓட்டையையும் சேர்த்து அடைத்திருந்தார். உள்ளே போன உப்பு ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்தே தின்றிருக்கிறது. இந்தப் பகுதியில் ஓதம் ஏறும் நாட்களில் சந்துக்குள் காயல் தண்ணீரே வந்துவிடும். நின்ற இடத்திலேயே வண்டி உப்பில் கால் நனைத்திருக்கிறது.

இக்கா குனிந்து பார்த்தார். அவர் முகம் வாடியது நடிப்பு இல்லை. அந்தக் கோட்டிங்குக்கு அவர் காசு கொடுத்திருக்கிறார்.

எஞ்சினைப் பார்க்கும்போது மனம் ஆறியது. வி-டெக் என்ற எழுத்தை எந்த சிட்டியின் டிக்கியிலும் ஒட்டிவிடலாம், சாதாரண 1.5-ஐ அப்படி விற்கிறவர்கள் உண்டு. சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் வயர் போகிற சின்ன சோலினாய்டு வால்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தது. சுற்று ஏறும்போது ஆயில் அழுத்தத்தை அது திறந்துவிடும். அந்த அழுத்தம் ஒரு சின்னப் பின்னைத் தள்ளி ராக்கர் கைகளைப் பூட்டும். அதன்பின் வால்வுகள் உயரமான கேமின் சொல்படி அதிகமாகத் திறக்கும். 1989 இன்டெக்ராவில் ஹோண்டா இதை முதலில் வைத்து, 1.6 லிட்டரிலேயே 160 குதிரைத்திறன் எடுத்தது. அதன் எளிய தம்பி இந்த எஞ்சின். சோலினாய்டின் கேஸ்கெட்டில் ஆயில் கசிந்து காய்ந்திருந்தது. சில நூறு ரூபாய்க் காரியம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு மட்டும் பில் இல்லை. பெல்ட் அறுந்தால் வால்வு வளையும் என்பதால் அதை மாற்றாத பெல்ட் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

தோப்பும்படி வந்து, பி.ஓ.டி. பாலம் ஏறி வெல்லிங்டன் தீவுக்கு ஓட்டிப்போனோம். மட்டாஞ்சேரிச் சந்துகளில் இரண்டாவது கியரே அதிகம். தீவில் அகலமான, ஆள் நடமாட்டம் குறைந்த ரோடுகள் உண்டு. இரண்டாவது கியரில் மெதுவாக ஏற்றினேன். நாலாயிரம் வரை வீட்டு உபயோகக் கார். ஐயாயிரத்தை நெருங்கும்போது சத்தம் மாறியது. அதுவரை தொண்டைக்குள் இருந்த குரல் வாய்விட்டு வந்தது. முதுகை சீட் தாங்கிப் பிடித்தது. பின்கண்ணாடியில் நீலப் புகை இல்லை. காலை எடுத்து மறுபடி அழுத்தியபோதும் இல்லை. வலது முன்சக்கரத்தில் லோயர் ஆர்ம் புஷ் தட்டியது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இக்கா, "கேட்டியா? இதுக்காகத்தான் இத்தனை நாள் விக்கல" என்றார். அவர் சொன்னவற்றில் நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

டீக்கு நிறுத்தினோம். இக்காவுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். சிட்டி எதற்கு, கொஞ்சம் பணம் கூடப் போட்டால் சூப்ராவே வரும், வடகிழக்கு மாநிலப் பேப்பரோடு கிடைக்கும் என்றார். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெயர் வைத்துக் கேரளம் முழுக்கச் சோதனை போட்டது, பூட்டான் வழியாக வந்து இப்படிப் பேப்பர் ஏறிய வண்டிகளுக்காகத்தான். அதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார். பேப்பர் என்று யார் சொன்னாலும் சேஸிஸ் எண்ணை நான் கண்ணால் படிக்க வேண்டும். இந்த சிட்டியில் படித்தேன். ஃபயர்வாலில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

அங்கிருந்து தோப்பும்படிப் பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட்டுக்குப் போனோம். ஆசான் என்று கூப்பிடுகிறார்கள். முப்பது வருடமாகத் தகடு தட்டுகிறவர். அங்கே இன்னொரு சிட்டி, கதவும் சீட்டும் கழற்றிய நிலையில், மரக்கட்டைகள் மேல் நின்றது. அதன் ரன்னிங் போர்டு பெட்டியை நீளவாக்கில் அறுத்துத் திறந்திருந்தார். நான் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்ததன் உள்பக்கம் அது. அடியில் கைப்பிடி அளவு துருத்தூள், சேற்றோடு கட்டியாகக் கிடந்தது. பக்கத்தில் புது ஜி.ஐ. தகட்டை மடித்து அதே வளைவில் செய்து வைத்திருந்தார். கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளியும், பின்பக்கப் பூச்சும் எரியும்; சி.ஓ.2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும் என்றார். சொன்னதோடு விடவில்லை. இரண்டிலும் செய்த துண்டுத் தகடுகளை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒன்று அப்பளம்போல நெளிந்திருந்தது. இன்னொன்று நேராக இருந்தது. வெல்டிங் முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு அடிப்பாராம். வடிகால் ஓட்டையை மட்டும் கம்பி விட்டுத் திறந்தே வைப்பாராம்.

இக்காவின் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்து ஆசான் சொன்ன கணக்கு: ரன்னிங் போர்டு இரண்டும் 18,000, இடது பின்வளைவு 8,000, தரைத் தகடு விரிப்பு முழுக்கக் கழற்றினால்தான் தெரியும், 15,000-க்குக் குறையாது, முழு பெயின்ட் 70,000. ஜன்னல் ரப்பர், ஹெட்லைட் மாதிரியான சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் தேட வேண்டும், இல்லாவிட்டால் தாய்லாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். எஞ்சினுக்குச் செலவே இல்லை என்று சொல்லலாம். இந்த ஊரில் தகட்டுக்குத்தான் காசு.

டர்போ போடலாமா, உடலை அகலப்படுத்தலாமா என்று ஷெட் பையன் ஆர்வமாகக் கேட்டான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது; அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். சட்டம் இல்லாவிட்டாலும் இந்த வண்டியில் நான் செய்ய மாட்டேன். ஹோண்டா விட்ட நிலைக்கு இதைத் திரும்பக் கொண்டுவருவதே ஒரு ஆயுள் வேலை. 2027-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டது. என் ஊர் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோக என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி வேறு.

ஒன்றேகால் தருகிறேன் என்றேன். இக்கா ஒன்றே முக்காலுக்கு வந்தார். தரைவிரிப்பை முழுக்கக் கழற்றி, ஆசான் சொல்லும் தொகையில் பாதியை அதிலிருந்து கழித்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். சனிக்கிழமை காலை வண்டியை ஷெட்டில் விட இக்கா சம்மதித்தார். சீட் போல்ட்டுகளுக்கு இப்போதே ஆயில் ஊற்றி வையுங்கள் என்று ஆசானிடம் சொல்லிவிட்டு, ஆர்.சி.யின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.