ஹவாயின் மெய்யான 'பொய்'

ஹோனலூலுவின் வைக்கிகி கடற்கரையில் பொழுது சாயும்போது 'லுவாவ்' விருந்துகள் களைகட்டும். தீப்பந்தங்கள், ஹூலா நடனம், வருபவர்கள் கழுத்தில் பூமாலை. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர்கள் தட்டை ஏந்தி வரிசையில் நிற்பார்கள். பன்றி இறைச்சி மளமளவென்று காலியாகும். சோறும் அன்னாசித் துண்டுகளும்கூடத் தீர்ந்துவிடும். ஓரத்தில் சின்னக் கோப்பைகளில் வைத்திருக்கும் ஊதா கலந்த சாம்பல் நிறக் கூழ் மட்டும் மிஞ்சிக் கிடக்கும். குழந்தைகள் விரலால் தொட்டு நக்கி முகம் சுளிப்பார்கள். போஸ்டர் ஒட்டும் பசை என்று அப்பாக்கள் ஜோக் அடிப்பார்கள்.

அந்தக் கூழின் பெயர் 'பொய்'. ஹவாயின் பூர்வகுடிகளுக்கு அதுதான் மெய்யான சாப்பாடு. மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள.

'கலோ' என்று அவர்கள் அழைக்கும் கிழங்கிலிருந்து பொய் தயாராகிறது. கலோ வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். ஆசியாவில் பிறந்து தீவு தீவாகப் பரவிய இந்தக் கிழங்கை, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாலினேசிய மாலுமிகள் தங்கள் படகுகளில் ஹவாய்க்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அதை நன்றாக வேகவைத்து, தோலை நீக்கி, மரப்பலகையில் வைத்துக் கல்குழவியால் இடிக்கிறார்கள். கெட்டியாக இருந்தால் 'பாயி ஆயி'. தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் பொய். கிண்ணத்திலிருந்து வழித்தெடுக்க எத்தனை விரல் வேண்டும் என்பதுதான் பதத்தின் அளவு. இரண்டு விரல் பொய் கெட்டி, மூன்று விரல் பொய் தளர்வு. புதிதாக இடித்தது லேசாக இனிக்கும். இரண்டு மூன்று நாளில் புளிக்கும். பழைய சோற்றின் அருமை தெரிந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு அந்நியமாக இருக்காது.

சுற்றுலாப் பயணிகள் செய்யும் தவறு, அதைத் தனியாகச் சுவைப்பது. வெறும் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு தென்னிந்தியச் சமையல் சப்பென்று இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது அது. ஒரு வாய் உப்புக் காரமான கறி, ஒரு வாய் பொய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். மண்ணில் குழி தோண்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, இலைகளால் மூடிப் பல மணி நேரம் வேகவைத்த பன்றி இறைச்சி 'காலுவா'. கலோ இலையில் இறைச்சியையும் மீனையும் பொதிந்து அவித்தது 'லாவ்லாவ்'. வெளியே சுற்றியிருக்கும் 'கீ' இலையைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். சைவக்காரர்களுக்கும் வழி உண்டு: துருவிய கலோவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த, அல்வாவை நினைவூட்டும் 'குலோலோ', தேங்காய்ப்பாலில் செய்யும் 'ஹவுபியா'.

இப்படி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே ஒரு காலத்தில் குற்றம். ஆண்களும் பெண்களும் தனித்தனியே உண்ண வேண்டும். பன்றி, வாழை, தேங்காய் பெண்களுக்கு ஆகாது. 1819இல் அரசர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு பந்தியில் அமர்ந்து அந்த விதியை உடைத்தார். இன்றைய விருந்தின் பெயரான 'லுவாவ்' என்ற சொல்லுக்குக் கலோவின் இளம் இலை என்றுதான் பொருள்.

கலோவை ஹவாய் மக்கள் உறவு சொல்லி அழைக்கிறார்கள். வானத் தந்தை வாகேயாவுக்குப் பிறந்த முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்ததாம். அதைப் புதைத்த இடத்தில் கலோ முளைத்தது. அடுத்துப் பிறந்த பிள்ளை மனித குலத்தின் மூதாதை. ஆக, கலோ மனிதனுக்கு அண்ணன். பொய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை சச்சரவு பேசக் கூடாது என்பது வீட்டு வழக்கம்.

இந்த அண்ணனுக்குத் தேவை குளிர்ந்த, ஓடும் தண்ணீர். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட முதலாளிகள் கால்வாய் வெட்டி மலை ஓடைகளைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பினார்கள். கீழே கலோ வயல்கள் காய்ந்தன. 1893இல் அரசி லிலியுவோகலானி பதவியிலிருந்து தள்ளப்பட்டார். 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. இன்று ஓட்டல்கள் அணிவகுக்கும் வைக்கிகியும் ஒரு காலத்தில் கலோ வயல்களும் மீன் குளங்களும் நிறைந்த சதுப்பு நிலம்தான். 1920களில் ஆலா வாய் கால்வாய் வெட்டப்பட்டு அது வற்றடிக்கப்பட்டது. பயணிகள் ஒதுக்கிவைக்கும் கூழ் விளைந்த மண்ணின் மேலேயே விருந்து நடக்கிறது.

அண்ணனுக்காகத் தம்பிகள் போராடாமல் இல்லை. 3 கலோ ரகங்களுக்கு ஹவாய் பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியபோது, மூதாதையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று விவசாயிகள் கொதித்தார்கள். 2006இல் பல்கலைக்கழகம் அந்த உரிமையைக் கைவிட்டது. கையால் இடித்த பொய்யை விற்க சுகாதார விதிகள் குறுக்கே நின்றன. 2011இல் தனிச் சட்டம் வந்து வழிவிட்டது. மாவி தீவில் ஹவாயின் கடைசிக் கரும்பு ஆலை 2016இல் மூடியது. 2018இல் கிழக்கு மாவியின் பல ஓடைகளில் மீண்டும் தண்ணீர் ஓட வேண்டும் என்று மாநில நீர் ஆணையம் உத்தரவிட்டது.

தீவுகளில் விளையும் கலோவில் பெரும்பங்கு கவாய் தீவில் விளைகிறது. அங்கே ஹனலெய் பள்ளத்தாக்கில் தண்ணீர் தேங்கிய பச்சைப் பாத்திகளைப் பார்த்தால் நம் ஊர் நெல் வயல் ஞாபகம் வரும். ஹோனலூலுவிலேயே சாப்பிட வேண்டுமானால் கலிஹி பகுதியில் 1946இல் தொடங்கிய ஹெலனாஸ் உணவகம் இருக்கிறது. 2000இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்ற கடை. நடனம் கிடையாது, தீப்பந்தம் கிடையாது. சாப்பாடு மட்டும்தான்.

ஹவாய்க் குழந்தைகள் பலருக்கு முதலில் ஊட்டும் உணவும் பொய்தான். வெளியூர்க் குழந்தைக்கு முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், பாதகமில்லை. கிண்ணம் திறந்திருக்கும்வரை பெரியவர்கள் கேலியை அடக்கிக்கொண்டால் போதும்.