திறவாத அறை

கண்டியின் கைவினைக் கடைகளில் உல்லாசப் பிரயாணிகளுக்கென விற்கப்படும் மரப்பெட்டிகளைப் பலரும் கண்டிருப்பர். பூட்டும் புலப்படாது, திறப்பும் காணப்படாது. ஒரு புறத்துச் சட்டத்தைச் சற்றே நகர்த்தினால் வேறொன்று இளகும். அது இளகியதும் ஒளிந்திருந்த திறப்புக் கையில் விழும். அக்கணத்தில் வாங்குபவரின் முகத்தில் மலரும் வியப்பே அப்பெட்டியின் உண்மையான விலை எனலாம். ஆயின் அவ்வியப்பு ஒருமுறைக்கே உரியது. இரகசியம் தெரிந்த பின்னர் அது பித்தான் போட்டுவைக்கும் பெட்டிதான்.

கெலிஓயாவில் வாடகை அறையொன்றில் தங்கிப் பேராதனைக்குச் சென்றுவந்த கலைப்பீட மாணவி ஒருத்தி, இத்தகைய பெட்டியொன்றைத் தானே வடிவமைக்க முனைந்தாள். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் அப்பாயிக்காகவே இம்முயற்சி. அப்பாயி தம் வாணாளின் பெரும்பகுதியைக் கொழுந்துக் கூடையுடன் கழித்தவர். பேத்தி கொண்டுசெல்லும் சேலையை மடிப்புக் கலையாமல் டிரங்குப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, "எனக்கெதுக்கு புள்ள இதெல்லாம்" என்பார். எதற்கும் வியவாத அவரை ஒருமுறையேனும் வியக்கவைத்துவிட வேண்டும் என்பதே அவளது ஆசை.

முதலில் வரைந்த பெட்டி கண்ணுக்கு விருந்தாக அமைந்தது. மூடியைத் திறந்ததும் கண்ணாடித் துண்டுகளில் மயிற்கழுத்து நிறங்கள் சிதறும். சுருள்கம்பியின் மேல் கடதாசிக் குருவியொன்று துள்ளியெழும். தச்சுப்பட்டறை நானா பலாப்பலகையை இழைத்துப் பாதிப் பெட்டியை முடித்திருந்த வேளையில் விடுமுறை வந்தது. வீடு சென்ற அவள் கண்டது வேறு. அப்பாயி உப்புச் சிரட்டையை விரல்களால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பேத்தி வந்து நின்றதைக் காலடியோசை கேட்டே அறிந்தார். பார்வை மங்கிப் பல மாதங்களாகிவிட்டன. "பரீட்சை நேரத்துல ஒனக்கெதுக்குச் சொல்லணும்" என்று வீட்டார் மறைத்துவிட்டனர். அவள் கெலிஓயாவுக்குத் திரும்பியபோது கைப்பையிலிருந்த வரைபடம் பயனற்றுப் போயிருந்தது.

சில நாட்கள் பட்டறைப் பக்கமே செல்லாதிருந்தவளுக்கு, ஓவியக்கலை வரலாற்று நூலொன்றில் படித்திருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1916இல் மார்சல் டுஷாம்ப் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் நூல்கயிற்றுப் பந்தொன்றை இரு பித்தளைத் தகடுகளுக்கிடையே வைத்து, நான்கு நீண்ட திருகாணிகளால் இறுக்கினார். இறுக்குமுன் அவருடைய நண்பர் வால்டர் அரென்ஸ்பெர்க் பந்தின் நடுவே ஏதோவொரு சிறுபொருளை இட்டார். அது யாதென டுஷாம்ப் கேட்கவில்லை. தமக்குச் சொல்லவும் வேண்டாமென்றார். அசைத்தால் உள்ளே ஒலி எழும், அவ்வளவே. 'மறைந்த ஓசையுடன்' என்று பெயர்பெற்ற அப்படைப்பு இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ளது. செய்தவனே அறியாத இரகசியத்தைத் தன்னுள் வைத்திருப்பதால் அதன் வியப்புச் செலவழிந்து போவதில்லை. குருவியைத் துள்ளவைப்பதனிலும் இது எத்துணை மேலான குறும்பு!

அமெரிக்கரான ஜோசப் கோர்னெலும் அவளுக்குத் துணைநின்றார். பெருமூளை வாதத்தால் உடல் தளர்ந்திருந்த தம்பியைப் பராமரித்தபடியே மரப்பெட்டிகளுக்குள் சிற்றுலகங்களை அமைத்தவர் அவர். 1972இல், தாம் மறைந்த ஆண்டிலே, நியூயோர்க்கில் சிறுவர்களுக்கென நடந்த கண்காட்சியில் அவருடைய பெட்டிகள் சிறுவரின் உயரத்திற்கேற்பத் தாழ்வாக வைக்கப்பட்டனவாம். காண்போரின் உயரமறிந்து வைப்பதும் வடிவமைப்பே.

புதிய பெட்டியில் கண்ணாடிக்கு இடமில்லை. இடப்புறக் காலைத் திருகினால் திறப்புக் 'கிணுங்'கென விழும். முதலறையில் கராம்பும் ஏலமும். இரண்டாம் அறையில், கவ்வாத்துக் கத்தியின் வெட்டுவாய் விரலுக்குத் தெரியுமாறு ஒரு தேயிலைச் சிம்பு. மூன்றாம் அறைக்கு மூடியே இல்லை. "தொறக்க ஏலாத அறை எதுக்கு மகள்?" என்று நானா வியந்தார். எனினும் அடிப்புறத்தில் சிறு துவாரமும் அதற்கேற்ற பலகைத் துண்டும் செய்து தந்தார்.

அப்பாயியோடு அடுத்தடுத்த நிரையில் நின்று ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த கிழவியொருவர் கீழ்லயத்தில் இருந்தார். அவரிடம் பெட்டியைக் கொடுத்து, விரும்பியதை இடுமாறு கேட்டுவிட்டு, மாணவி முற்றத்துப் பக்கமாகத் திரும்பிநின்றாள். ஏதோ விழும் ஓசை கேட்டது. கண்களை மூடியவாறே பலகைத் துண்டைப் பசையிட்டு ஒட்டினாள். பசையிற் பாதி பாவாடையிற் சிந்தியது.

அன்று மாலை அப்பாயி பெட்டியை மடியில் வைத்து நெடுநேரம் தடவினார். திறப்பு விழுந்தபோது, "அட" என்றார். கராம்பை மோந்தார். சிம்பின் வெட்டுவாயில் பெருவிரலை வைத்தவர், "இது சரியா வெட்டல, தண்ணி நிக்கும்" என்று குறை கூறினார். பின்னர் பெட்டியைக் காதருகே தூக்கி அசைத்தார். உள்ளே ஏதோ உருண்டது. மறுபடியும் அசைத்தார். முகம் சற்றே சாய்ந்து, கேட்டுக்கொண்டேயிருந்தது.

"இத அவ இன்னுமா வச்சிருந்தா?"

என்னவென்று பேத்தி கேட்டாள். அப்பாயி சிரித்தாரேயன்றிச் சொல்லவில்லை. அன்றிரவு விளக்கணைத்த பின்னரும் காம்பறாவின் மூலையில் அந்த ஓசை இருமுறை கேட்டது.