ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு படம்



நேற்று காலை கபிலர் குன்றை வரைந்தேன். உங்கள் அத்தை போன பிறகு நான் தூரிகையைத் தொட்டதே இல்லை. ஒன்பது வருஷம். பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கிப் பார்த்தால் டியூபெல்லாம் கல்லாகிக் கிடந்தன.

வகுப்பில் ஓவியர் கோபுலு கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குப் படம் போட்டவர். ஒரு வார்த்தை எழுதாமலே சிரிக்க வைப்பார். வயதான காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியது. மனிதர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். "பார்த்துக்கோங்கடா" என்று உங்களிடம் வீராப்பாகப் பேசியவன் நான். எனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. வரைந்து முடித்தால் காட்ட ஆளில்லை, அவ்வளவுதான். அவள் எட்டிப் பார்த்து, "தண்ணி தண்ணி மாதிரியே இல்லைங்க" என்பாள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

வெளியூர் உறவினர்களுக்காக ஒரு வார்த்தை: கபிலர் குன்று என்பது நம் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் பாறை, உச்சியில் சின்னக் கோயில். நண்பன் பாரி இறந்த பிறகு கபிலர் உயிர்விட்ட இடம் என்பார்கள். வடக்கிருந்தார் என்பது ஒரு வழக்கு. வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டோ, பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், கபிலர் செய்ததுதான் சரி என்று எனக்குத் தோன்றும். இதுவரை இதை யாரிடமும், பிள்ளைகளிடம்கூட, சொன்னதில்லை.

போன மாதம் கண்புரை ஆபரேஷன் ஆனது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தேன். தையல் மிஷின்மேல் தூசிக்காகப் போர்த்தியிருந்த அவளுடைய பழைய சேலை. இத்தனை நாளும் அது சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன். நல்ல நீலம்! வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் பிரெஞ்சு ஓவியர் மோனே ஞாபகம் வந்தார். 1911இல் மனைவி போனார், 1914 தொடக்கத்தில் மூத்த மகனும் போனான். வரைவதையே ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார். கண்ணிலும் புரை. அதே 1914இல், 73 வயதில், வீட்டுத் தோட்டத்துக் குளத்தையும் அல்லிப் பூக்களையும் பெரிய பெரிய துணிகளில் வரையத் தொடங்கினார். 1923இல் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார், இன்னொன்றுக்கு மாட்டேன் என்றுவிட்டார். 1926இல் சாகும்வரை அந்தக் குளத்தை விடவில்லை. இந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்லித்தரவே இல்லை. அன்றைக்கு எனக்கே அது புரிந்திருக்காது.

பேரன் புது வாட்டர்கலர் வாங்கிவந்தான். விடியற்காலையில் கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் கை நடுங்கியது. நடுவில் ஒரு முறை, காட்டுவதற்காகப் பக்கத்தில் திரும்பியும் விட்டேன்.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பாறை வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. கோயில் அளவு தப்பு. தண்ணீர் இன்னும் தண்ணீர் மாதிரி இல்லை. நீல டியூப் தீர்ந்துபோச்சு, இந்த வாரம் யாராவது விழுப்புரம் போனால் ஒரு போன் போடுங்கள்.