ஜன்னல் எங்கே திறக்கும்?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1986-ல் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வைணு பாப்புவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்காக உழைத்த மனிதர், முடிந்ததைப் பார்க்காமல் 1982-லேயே போய்விட்டார்.

இன்றைக்கு வானியல்காரர்கள் குழாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் திரையில்தான் எல்லாம். அந்தத் திரை மலைமேல்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. இதே நிறுவனம் லடாக்கில் ஹான்லேயில் வைத்திருக்கும் தொலைநோக்கியை, பெங்களூர் பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி சாட்டிலைட் வழியாக இயக்கிப் பழக்கப்பட்டவர்கள்.

நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள். மலையில் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைகிறீர்கள். நட்சத்திரப் படம் காட்டும் டிஎஸ்9-ஐ ஓட்டச் சொல்கிறீர்கள். 'டிஸ்ப்ளே திறக்க முடியவில்லை' என்கிறது. பாவம், அதன் கேள்வி ஒன்றுதான்: எந்தத் திரையில் வரையட்டும்? பதில், டிஸ்ப்ளே என்ற பெயரில் எழுதிவைத்த ஒரு விலாசம். அது காலியாக இருக்கிறது.

இங்கே ஒரு தலைகீழ் சமாசாரம். 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ ஏற்பாட்டில், 'சர்வர்' என்பது உங்கள் மேஜைமேல் இருக்கும் திரைப்பக்கம். தூரத்தில் ஓடும் புரோகிராம்தான் வாடிக்கையாளர். பி.காம். படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் கணக்கில் டெபிட்டாக எழுதும் வங்கிப் பணம், பாஸ்புக்கில் கிரெடிட் என்றுதானே இருக்கும்!

எஸ்எஸ்ஹெச்சோடு 'மைனஸ் எக்ஸ்' சேர்த்து நுழைந்தால், அதுவே விலாசத்தை எழுதிவிடும்: பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்:10.0. மலைக் கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விலாசம் மாதிரி தெரியும். அந்த வாசலில் எஸ்எஸ்ஹெச் காத்திருந்து, வருவதையெல்லாம் பூட்டி உங்களிடம் கொண்டுவருகிறது.

பொறுமை இல்லாதவர்கள் இதை அழித்து ':0' என்று கையால் போடுவார்கள். அனுமதி இருந்தால் ஜன்னல் மலைமேல் இருக்கும் திரையிலேயே திறந்து, இரவுப் பணியாளரைத் திடுக்கிட வைக்கும். தங்கள் கம்ப்யூட்டரின் விலாசத்தையே போட்டு, 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' என்று கதவையும் திறந்துவைப்பவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். பூட்டு போயிற்று, யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்கள் படம் மட்டும் வரைய மாட்டார்கள். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், பாஸ்வேர்டு உட்பட, படிக்கலாம். பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995-ல் எஸ்எஸ்ஹெச் எழுதியதே, தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு திருடு போனதால்தான்.

'மைனஸ் ஒய்' என்று ஒன்று இருக்கிறது. தூரத்து புரோகிராமை முழுசாக நம்புகிறேன் என்று அர்த்தம். வேறு யாரெல்லாம் அந்த மெஷினுக்குள் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போடுங்கள்.